யார் செய்த பாவம்?

எங்கள் பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்துவிட்டால் கூட்டத்துக்குள்ளிருந்து முதலில் எழுகிற குரல், "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்பதுதான். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன், பெருந்துறை சந்தையில் பார்த்திருக்கிறேன். பைக் சாவி, பீரோ சாவிக்கொத்து, அரிவாள் என்று எது கிடைக்கிறதோ அதை விழுந்து கிடப்பவரின் கைக்குள் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பு வெட்டுவது நின்றுவிடும். "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னு போச்சு" என்று சொல்லிக்கொண்டே கலைந்து போவார்கள்.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் தானாகவே நிற்கக்கூடியவை. சாவி இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்று சொல்வது போன்ற கணக்கு இது. ஆனால் கண்ணால் பார்த்த கணக்கு என்பதால் அதை அசைப்பது கஷ்டம். ஒவ்வொரு முறையும் சாவி ஜெயித்துவிடுகிறது.

என் தங்கச்சிக்கு ஒரு தடவை பனியன் கம்பெனியில் வந்தது. செக்கிங் டேபிளில் நின்று பீஸ் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்களின் கைக்கு எட்டிய இரும்பு, நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரி. அதை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, மேலே தங்கள் கையை வைத்து இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். வலிப்பில் விரல்கள் எவ்வளவு பலமாக மூடிக்கொள்ளும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருவிரலுக்குக் கீழே சதை கிழிந்து, தையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். பிடித்திருந்த இரண்டு பெண்களும் அழுதுகொண்டே வீடு வரை வந்தார்கள். அவளைக் காப்பாற்றத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுற்றியுள்ள கூரான சாமான்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் ஒரு துணியை மடித்து வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு மணியைப் பாருங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சரி, இது யாரும் சொல்லித் தரக்கூடியது. இரும்பு விஷயத்தோடு போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தங்கச்சிக்கு முதல் வலிப்பு ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் வந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எதுனால வந்துச்சுங்க?" யாரும் மருத்துவக் காரணத்தைக் கேட்கவில்லை. யார் தலையில் இந்தப் பழியை வைப்பது என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்தது. பதிலையும் அவர்களே கையோடு கொண்டுவந்தார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பாவின் பெரியப்பா வீட்டார் ஞானஸ்நானம் எடுக்காதவர்கள். எங்களோடு நல்லது கெட்டதில் ஒன்றாக நிற்பவர்கள். எங்கள் அப்பாருவை, அதாவது தாத்தாவை, வைத்து அவர்கள் சொன்னது இது: "உங்கப்பாரு கருப்பராயனுக்குக் கெடா வெட்டறத நிறுத்திப் போட்டு வேதத்துக்குப் போனாரல்லங்க, அதான் சாமி குத்தம். ஒரு பூசையப் போட்டுட்டா புள்ளைக்குச் சரியாப் போயிருமுங்க." அம்மா தலையை மட்டும் ஆட்டிக் காபி கொடுத்து அனுப்பினாள்.

சில வருஷம் கழித்து, திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு ஒரு ஜெபக்குழுவினர் வந்தார்கள். சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. வீடு வீடாகப் போய் ஜெபிக்கிறவர்கள். உபவாசம் இருந்து வந்திருந்தார்கள், எண்ணெய் கொண்டுவந்திருந்தார்கள். முழங்கால் போட்டு நெடுநேரம் ஜெபித்துவிட்டு மூத்தவர் சொன்னார்: "இந்தப் பிள்ளையோட தாத்தா விக்கிரகத்துக்கு ரத்தம் சிந்தினவர். அந்தச் சாபக்கட்டு மூணாந் தலைமுறையில பிள்ளை மேல இறங்கியிருக்கு. அதை முறிக்கணும்."

ஒரு பக்கம், அப்பாரு கெடா வெட்டுவதை நிறுத்தியதால் வந்தது என்கிறார்கள். இன்னொரு பக்கம், அப்பாரு முன்பு கெடா வெட்டியதால் வந்தது என்கிறார்கள். ஒருவர் திருநீறு வைத்துச் சொன்னார், மற்றவர் வேதாகமத்தைக் கையில் வைத்துச் சொன்னார். சொன்னது ஒன்றேதான்: தாத்தா செய்ததற்குப் பேத்தி அனுபவிக்கிறாள். குறி சொல்கிற கோடாங்கி வாயிலிருந்து வந்த நம்பிக்கை சட்டையை மாற்றிக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. வெளியில் இருந்தபோது அதை மறுக்க எங்களுக்கு வார்த்தை இருந்தது. உள்ளே வந்து வசனம் பேச ஆரம்பித்த பிறகு அம்மாவுக்கு வாயடைத்துப் போனது. தங்கச்சி அப்பாருவின் போட்டோ இருந்த சுவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அப்பாருவைப் பற்றிச் சொல்லாமல் இதை மேலே எழுத முடியாது.

அவர் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணயத்து ஆளாக இருந்தவர். தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பண்ணாடி வீட்டு வாசல் தாண்ட முடியாது, வளவுக்குள் செருப்புப் போட முடியாது. தண்ணீர் கேட்டால் கையை ஏந்தச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். கஞ்சியோ காபியோ கொட்டாங்குச்சியில்தான். தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு. அதற்குச் சொன்ன காரணம், முற்பிறவியில் செய்த வினை, இந்தப் பிறவியில் இப்படிப் பிறந்திருக்கிறாய் என்பது. இவரைக் கேட்டு யாரும் சொல்லவில்லை. பிறந்ததே குற்றம்.

லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கத்தின் காலம் அது. ஈரோட்டில் மீனாட்சி சுந்தரனார் சாலை என்று இப்போது பெயர் இருந்தாலும் ஜனங்கள் பிரப் ரோடு என்றே சொல்கிற சாலை இருக்கிறதே, அந்தப் பெயருக்குரிய ஏ. டபிள்யூ. பிரப் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லண்டன் மிஷன் ஊழியர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் சின்னச் சின்னப் பள்ளிக்கூடமும் அதையே ஞாயிற்றுக்கிழமை ஆலயமாகவும் வைத்து நடத்திய காலத்தில் அப்பாரு இளவட்டமாக இருந்தார். ஞானஸ்நானம் எடுத்தார். பிறகு 1947-ல் அந்தச் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையோடு சேர்ந்தன. 1950-ல் கோயம்புத்தூர் திருமண்டலம் தனியாக ஆனது. அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

ஏன் வேதத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டால் அவர் அற்புதம் எதுவும் சொல்ல மாட்டார். கோதுமை மாவு, பால் பவுடருக்காக வந்தார்கள் என்று ஊரில் சொல்வதைக் கேட்டால் மட்டும் கோபம் வரும். அவர் சொன்னது இவ்வளவுதான் (ஐயர் என்று நாங்கள் சொல்வது சபைப் போதகரை; திருவிருந்து என்பது ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற ஆராதனை): "திருவிருந்துல ஒரே கிண்ணம் கண்ணு. ஐயரு குடிச்ச கிண்ணத்துல நானும் குடிச்சேன். எனக்கப்புறம் இன்னொருத்தரு குடிச்சாரு. யாரும் கழுவுல." கொட்டாங்குச்சியில் குடித்து வளர்ந்த ஒரு மனுஷனுக்கு அந்தக் கிண்ணம் எதைச் சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். உன் பிறப்பில் தீட்டு இல்லை, உன்னைப் பற்றி இவ்வளவு காலம் சொன்னது பொய் என்று எந்தப் பிரசங்கமும் அவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க முடியாது. (சபைக்குள் வந்ததும் சாதி போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சம்பந்தம் பேசும்போதும் கல்லறைத் தோட்டத்திலும் அது எப்படித் தலையெடுக்கிறது என்று தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிண்ணம் உண்மை.)

பிறப்பால் தீட்டு என்ற பொய்யை உதறிவிட்டு வந்த மனுஷனின் பேத்தியைப் பிறப்பால் சாபம் என்று சொன்னால், அவர் எதற்காகச் சபைக்கு வந்தார்? இதுதான் என் நெஞ்சில் வருஷக்கணக்காகக் கிடந்த கேள்வி. ஒரு பொய்யைக் கொல்லைப்புறம் துரத்திவிட்டு அதையே வாசல் வழியாகக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா? முற்பிறவி என்பதற்குப் பதிலாக முன்னோர் என்று சொல்லிவிட்டால் அது சுவிசேஷம் ஆகிவிடுமா?

ஜெபக்குழு காட்டிய வசனம் யாத்திராகமம் 20. "பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவராயிருக்கிறேன்." அந்த வசனம் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதற்கு முன்னால் "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்று இருக்கிறது. அடுத்த வசனத்தில், அன்புகூருகிறவர்களுக்கு "ஆயிரம் தலைமுறைமட்டும்" இரக்கம் என்று இருக்கிறது. கெடா வெட்டுவதை விட்டு ஆண்டவரைத் தேடி வந்த அப்பாரு இந்த இரண்டில் எந்தக் கணக்கில் வருவார்? மூன்று தலைமுறையை எண்ணுகிறவர்கள் ஆயிரம் தலைமுறையை ஏன் எண்ணுவதில்லை?

இந்த வசனத்தை வைத்து ஜனங்கள் இப்படிப் பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததுபோல எசேக்கியேல் 18-ம் அதிகாரம் முழுக்க அதே விஷயம்தான். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஜனம், "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று ஒரு பழமொழி சொல்லித் திரிந்தது. இனி இந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது என்கிறார் கர்த்தர். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை, தகப்பன் குமாரனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." இதை விடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அதற்கும் மேலே கலாத்தியர் 3: "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி" நம்மை மீட்டுக்கொண்டார். சிலுவையில் முறிந்துபோனதை ஒரு பாட்டில் எண்ணெய் வைத்து மறுபடி முறிக்க வேண்டும் என்று சொல்வது சிலுவையைக் குறைத்துச் சொல்வது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டர் தங்கச்சியின் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மூளையில் சின்னதாக ஒரு வளையம்போலத் தெரிந்தது. நாடாப்புழுவின் இளம்பருவம் மூளைக்குள் போய்த் தங்கியதால் வந்தது என்றார். நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

இங்கேயும் ஒரு பொய் காத்திருந்தது. பன்றிக்கறி தின்கிறவர்களுக்குத்தான் இது வரும் என்பார்கள். எங்கள் ஜனத்தைப் பார்த்துச் சொல்ல இதைவிட வசதியான காரணம் வேண்டுமா? உண்மை என்னவென்றால், மூளைக்குப் போகிற இந்தக் கோளாறு புழுவின் முட்டைகளால் வருகிறது. புழு வயிற்றில் உள்ள மனுஷரின் மலத்தில் முட்டை வெளியேறும். அது மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத காய்கறி வழியாகவும் கழுவாத கை வழியாகவும் அடுத்தவர் வயிற்றுக்குள் போகும். கறியே தொடாதவர்களுக்கும் வரும். கொத்தமல்லித் தழையை நன்றாகக் கழுவுங்கள், கக்கூசுக்குப் போய்வந்தால் சோப்புப் போடுங்கள் என்றுதான் டாக்டர் அம்மாவிடம் சொன்னார். யார் பாவமும் அந்தச் சீட்டில் இல்லை.

அந்த வளையத்தைப் பற்றி டாக்டர்களே நெடுங்காலம் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள் என்பதைப் பிறகு படித்தேன். காசநோய்க் கட்டி என்று எண்ணி டி.பி. மருந்து கொடுத்த காலம் இருந்தது. வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர்கள் அந்த மாதிரிக் கட்டிகளை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை புழுவினால் வந்தவை என்று 1989-ல் எழுதினார்கள். அதே சி.எம்.சி.தான், மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது. கேரளத்துக் கிறிஸ்தவரான டாக்டர் ஜேக்கப் சாண்டி கனடாவின் மாண்ட்ரியலில் பயிற்சி முடித்துத் திரும்பி, 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியதும் அங்கேதான். வலிப்புக்காரரைக் கட்டிப்போட்டு வேப்பிலை அடித்துக்கொண்டிருந்த நாட்டில், அதே ஆண்டவரைக் கும்பிடுகிறவர்கள் மண்டையோட்டைத் திறந்து நோயைத் தேடினார்கள். அவர்களுடைய விசுவாசம் எந்த விதத்தில் குறைந்தது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாபக்கட்டை முறித்த ஜெபத்துக்குப் பிறகு, "சுகம் கிடைச்சாச்சு, இனி மாத்திரையைத் தொட்டா கர்த்தரைச் சந்தேகப்படுற மாதிரி" என்றார்கள். அவள் நம்பினாள். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். அந்த வாரமே ஒரு விடியற்காலையில் ஒன்று நிற்பதற்குள் இன்னொன்று என்று தொடர்ச்சியாக வந்தது. 108 வந்து, ஊசி போட்டு, ஐ.சி.யூ.வில் வைத்துத்தான் நிறுத்தினார்கள். உயிர் பிழைத்தது ஆண்டவர் கிருபை. அந்த ஊசியும் அவர் கிருபைதான்.

எசேக்கியா ராஜாவுக்கு வியாதி வந்தபோது ஏசாயா சும்மா வாக்குத்தத்தம் சொல்லிவிட்டுப் போகவில்லை. அத்திப்பழத்து அடையைப் பிளவைக் கட்டியின்மேல் வைக்கச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று எழுதினார். அவர் கூடவே போன லூக்கா வைத்தியர். இதெல்லாம் நாம் ஞாயிறு பள்ளியில் படித்தவைதானே.

மாற்கு 9-ஐ என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே ஒரு பையன் தரையில் விழுந்து, நுரைதள்ளிப் புரளுகிறான். ஆண்டவர் அசுத்த ஆவியை அதட்டுகிறார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நான் பேசவில்லை. பொல்லாத ஆவிகள் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மத்தேயு 4:24-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலில் பிசாசு பிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள் (வலிப்புக்காரர்கள்) தனி, திமிர்வாதக்காரர் (முடக்குவாதம் வந்தவர்கள்) தனி. அந்தக் காலத்திலேயே சுவிசேஷகர் இவற்றை வேறு வேறாக எழுதியிருக்கிறார். விழுந்தவர்கள் எல்லாரும் பிசாசு பிடித்தவர்கள் என்று வேதாகமம் எங்கும் சொல்லவில்லை. அது நாம் ஊரிலிருந்து கொண்டுபோன எண்ணம்.

அதே மாற்கு 9-ல் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, அவற்றை யாரும் பிரசங்கிப்பதில்லை. ஆண்டவர் அந்தத் தகப்பனைப் பார்த்து முதலில் கேட்டது, "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்று. கோயம்புத்தூர் டாக்டர் எங்கள் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். உன் தகப்பன் யாரைக் கும்பிட்டான் என்று ஆண்டவர் கேட்கவில்லை. அப்புறம், பையன் செத்தவனைப்போல் கிடக்கிறான், கூட்டம் செத்துப்போனான் என்கிறது. "இயேசு அவன் கையைப் பிடித்து, அவனைத் தூக்கினார்." நாம் இரும்பைத் திணிக்கிற அதே கையை அவர் தன் கையால் பிடித்தார்.

ஐ.சி.யூ.வுக்கு எங்கள் சபை ஐயர் தினமும் வந்தார். அதிகம் பேச மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து, "மாத்திரையை எடுத்துக்கிட்டே ஜெபம் பண்ணலாம்மா, ஆண்டவர் ரெண்டுக்கும் கோவிச்சுக்க மாட்டாரு" என்று தங்கச்சியிடம் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில் யோவான் 9-ஐ எடுத்தார். யார் பெயரையும் சொல்லவில்லை.

யோவான் 9 எனக்கு ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து தெரியும். சேறு, சீலோவாம் குளம், பார்வை, முடிந்தது. அன்றைக்குத்தான் முழு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் கேட்டேன். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்கிறார்கள்: "இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?" எங்கள் வீட்டு வாசலில் ஒறம்பரைகள் கேட்ட கேள்வி அச்சு மாறாமல் இருக்கிறது. அவனை முன்னால் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள், காது கேட்காதவனைப் பற்றிப் பேசுவதுபோல. ஆண்டவர் சொல்கிறார்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." பார்வை கொடுப்பதற்கு முன்னால் சொல்கிறார். இதை ஐயர் அழுத்திச் சொன்னார். பழியை முதலில் எடுத்துவிட்டு, பிறகுதான் கண்ணைத் தொட்டார். கண் திறக்காமலே போயிருந்தாலும் அந்த வார்த்தை நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் விசாரிக்கிறார்கள், பரிசேயர் விசாரிக்கிறார்கள். பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் பயந்துபோய், "இவன் வயதுள்ளவனாயிருக்கிறான், இவனைக் கேளுங்கள்" என்று நழுவுகிறார்கள். என் அம்மாவின் பயம் எனக்கு அங்கே தெரிந்தது. கடைசியில் அவன் நேராகப் பதில் சொன்னதும் மதத் தலைவர்கள், "முழுவதும் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ" என்று அவனை வெளியே தள்ளிவிடுகிறார்கள். பார்வை வந்த பிறகும் பிறப்பைத்தான் பிடிக்கிறார்கள்! கண் எதிரே நோய் போய்விட்டது, ஆனாலும் சாபக் கணக்கை விட அவர்களுக்கு மனசில்லை. தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஆண்டவர் அவனைத் தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறார்.

தங்கச்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது: "அக்கா, அப்ப அப்பாரு மேல தப்பு ஒண்ணும் இல்லதான?" இத்தனை வருஷம் தனக்கு வந்த நோயைவிட, தாத்தாவை வெறுக்க வேண்டியிருந்ததுதான் அவளுக்குப் பாரமாக இருந்திருக்கிறது. அது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஸ்கேன் ரிப்போர்ட் பத்தாதா, இதற்கு எதற்கு வேதாகமம் என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். படித்தவள், நல்லவள். அவளுக்கு நான் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஸ்கேன், எப்படி வந்தது என்று சொன்னது. அதற்கு நன்றி. ஆனால் எங்கள் வீட்டில் இருந்த பயம் அந்தக் கேள்வியிலிருந்து வரவில்லை. புழுதான் என்று தெரிந்த பிறகும், "புழு ஏன் நம்ம புள்ளை தலைக்குள்ள போவோணும்? ஊர்ல எத்தன பேரு இருக்காங்க" என்று அப்பத்தா கேட்டாள். அந்த இடத்தில்தான் கோடாங்கியும் சாபக்கட்டும் உள்ளே நுழைகிறார்கள். அதை மூட ஒரு ரிப்போர்ட்டால் முடியாது. உன்னைப் படைத்தவர் உன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கவில்லை என்று யாராவது அதிகாரத்தோடு சொல்ல வேண்டியிருந்தது. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்" என்று பவுல் எழுதுகிறார். பலம் கேட்டு ஜெபிக்கிறோம், அன்பு கேட்டு ஜெபிக்கிறோம். தெளிந்த புத்தியும் அதே ஆவியின் வரம்தான். அதையும் கேட்டு ஜெபிக்கலாம்.

தங்கச்சியின் கல்யாணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தத்தில் பலரும் மறைத்துக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்றார்கள். அவளே மாட்டேன் என்றுவிட்டாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் மாத்திரை அட்டையைக் காட்டியே பேசினாள். இரண்டு இடம் தட்டிப்போனது, மூன்றாவது நின்றது. (வலிப்பு இருந்தால் கல்யாணம் செல்லாது என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த அந்த வார்த்தையை 1999-லேயே எடுத்துவிட்டார்கள்.) பிள்ளை உண்டாவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, மாத்திரையை மாற்றி, போலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு, பையன் நல்லபடியாகப் பிறந்தான். மூளையில் இருந்த வளையம் சுண்ணாம்புத் தழும்பாக நின்றுவிட்டதால் அவள் இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். முறையாகச் சிகிச்சை கிடைத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவள் அந்தக் கணக்கில் ஒருத்தி. சுகமானது மட்டும்தான் சாட்சி என்று நினைக்கிறவர்களுக்கு இது சாட்சியாகத் தெரியாமல் போகலாம். எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தெரியாது.

எங்கள் சபை வாலிபர்களுக்கு ஒரு டாக்டரை அழைத்து வந்து வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தோம். இப்போது ஆராதனையில் யாராவது விழுந்தால் சாவி எடுக்க யாரும் பையைத் தேடுவதில்லை. பெரியப்பா வீட்டாரும் மாறியிருக்கிறார்கள். போன நோம்பிக்குப் போனபோது அவர்கள் வீட்டுப் பையன் ஒருவனுக்குக் காய்ச்சலில் வெட்டு வந்தது. பெரியம்மா சத்தம் போட்டு, "ஒருக்களிச்சுப் போடுங்க, கையில ஒண்ணையும் குடுக்காதீங்க" என்றார். கருப்பராயன் பூசையை அவர்கள் விடவில்லை. அது அவர்கள் விருப்பம், அவர்கள் வழி. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து சாமி குத்தம் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை. யார் செய்த பாவம் என்ற கேள்வி வலிப்பை விட்டுவிட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் சபையில் பிள்ளையில்லாத ஒரு தம்பதியிடம் அதே மூன்றாம் தலைமுறைக் கணக்கை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது சேலையால் முகத்தை மூடித்தான் ஆலயத்துக்கு வருகிறாள், திருவிருந்துக்கு எழுந்து வருவதில்லை. தங்கச்சி அவள் வீட்டுக்குப் போய்வந்தாள். அடுத்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் லூக்கா முதல் அதிகாரத்தை எடுக்கலாம் என்று ஐயரம்மாவும் தங்கச்சியும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சகரியாவும் எலிசபெத்தும் கற்பனைகளில் "குற்றமற்றவர்களாய் நடந்து, தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்களாயிருந்தார்கள்" என்று ஆறாம் வசனம் சொல்லிவிடுகிறது. அவர்களுக்குப் பிள்ளையில்லை என்பது ஏழாம் வசனத்தில்தான் வருகிறது. தேவதூதன் வந்து எதையும் சொல்வதற்கு முன்பே, தொட்டில் வெறுமையாக இருந்தபோதே நீதியுள்ளவர்கள். அந்த இரண்டு வசனங்களையும் வாசிக்க அந்தப் பெண்ணையே கேட்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், அதையும் முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிட்டு என்றேன். நாளைக்குப் போய்க் கேட்கிறாள்.